உப்பில்லாத ஆடி

எனக்கு மனசு சம்பந்தமான ஒரு வியாதி உண்டு. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான் மரியாதை என்று எங்கள் பக்கத்தில் ஓர் எண்ணம். நான் தாழ்த்துவதில்லை. தாழ்த்தினாலும் பிரயோஜனமில்லை. சங்கரன்கோவிலில் இன்றைய மல்லிகைப்பூ விலை தெரியாதவர்கள் இருக்கலாம். என் வியாதி தெரியாதவர்கள் குறைவு.

இளவயதில் இரண்டு தடவை அது முழு வீச்சில் வந்தது. வந்தால் தூக்கம் போய்விடும். இரவு பகல் பார்க்காமல் பேசுவேன். உலகத்தைத் திருத்த என்னிடம் திட்டங்கள் வரிசையில் நிற்கும். இரண்டாம் தடவை வெகுதூரத்தில் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பெயர்தான் இல்லம், தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அங்கே பார்த்ததை எழுதப் போவதில்லை. எந்த அறைக்குள் போனாலும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு நல்ல மனநல டாக்டரும் ஒரு நல்ல மாத்திரையும் அமைந்தன. எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்ட ஒரு மனைவியும் அமைந்தாள். ரதவீதிப் பக்கம் சின்னதாக ஒரு டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே நாற்காலியில். மிச்ச நேரத்தில் புத்தகம். ஊரில் என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. படித்துப் படித்துத்தான் இப்படி ஆனான் என்பது ஒன்று. இப்படி ஆனதால்தான் படிக்கிறான் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

மனநோய் வந்தவனுக்கு ஒரு சலுகை உண்டு. அதற்கப்புறம் அவனுக்கு வேறு எந்த நோயும் வராது. வந்தாலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல்வலி என்பேன். என் தலைக்கு மேலாக வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "மாத்திர போட்டீயளா?" என்று அன்பாக ஒரு கேள்வி வரும். பஸ்காரன் மீதிச் சில்லறை தரவில்லை என்று கோபப்பட்டாலும் அதே பார்வை, அதே கேள்வி. சந்தோஷமாக ஒரு பாட்டை முணுமுணுத்தால் பார்வை இன்னும் கொஞ்சம் நீளும். ஆகவே நான் அளவாகச் சிரித்து, அளவாகக் கோபித்து, ஒரு தாசில்தார் ஆபீஸ் மாதிரி வாழப் பழகியிருந்தேன்.

ஆடித்தபசு எங்கள் ஊர்ப் பெரிய திருவிழா, சிவனுக்காக அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்பது. இந்த வருஷத் தபசுக்கு என் மனைவி ஒரு நேர்ச்சை வைத்தாள். இத்தனை வருஷம் வியாதி திரும்பாமல் இருந்ததற்கு அம்பாளுக்கு நன்றிக்கடன். கொடியேற்றத்திலிருந்து தபசு வரை, பத்து நாளுக்கு மேல், உப்பில்லாச் சாப்பாடு. தினமும் ஆடிச்சுற்று, அதாவது கோயிலைப் பல தடவை வலம் வருவது. இதெல்லாம் அவளுக்கு மட்டும்தான். எனக்குத் தனியாக உப்புப் போட்டு ஒரு சட்டி வைக்க அவள் தயாராகவே இருந்தாள். நான்தான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

"நீ எனக்காகத்தான நேந்திருக்க? நானும் உப்பில்லாமலே சாப்பிடுதேன்."

"உங்களால முடியாது."

"ஏட்டி, வைராக்கியம்னு வந்துட்டா நான் எப்படின்னு உனக்குத் தெரியாது."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கண் அடுத்த நாள் மத்தியானம் கலங்கியது, உப்பில்லாத சாம்பாரை முதல் வாய் வைத்தபோது.

வைராக்கியம் அத்தோடு நிற்கவில்லை. சுற்றுக்கும் கூடப் போனேன். ஆடி வெயிலும், புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிற காற்றும் எங்கள் ஊரில் சேர்ந்தே வரும். என் மாத்திரைக்கு ஏற்கெனவே வாய் வறளும். போதாக்குறைக்கு நான் படிக்கிற ஆள். தண்ணீர் குடிப்பதன் மேன்மையைப் பற்றி வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் வந்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். தோளில் ஒரு பெரிய பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெயிலில் போகிறவன் எப்படித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கூட நடக்கிறவர்களுக்கு உபதேசமும் செய்துகொண்டு போனேன். பாட்டில் காலியானால் வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தலில் நிரப்பிக்கொள்வேன்.

பந்தல்களில் நீர்மோர் கொடுத்தார்கள்.

"மோரு குடிங்க அண்ணாச்சி."

"உப்பு போட்டிருக்கா?"

"பின்ன, உப்பில்லாம மோரா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் குடித்தேன். பந்தல்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். என்னை அப்படி யாரும் பார்ப்பது அபூர்வம். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு செம்பு குடித்தேன்.

சில நாளில் தலை வலிக்க ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். குமட்டியது. சாம்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை. ஆறு பேர் உட்கார்ந்து எழுந்த சோபா மாதிரி உடம்பு அமுங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மருந்து தண்ணீர்தான் என்று எனக்கு நானே முடிவு செய்து, மேலும் குடித்தேன்.

இதற்கப்புறம் நடந்ததில் பாதி எனக்கு ஞாபகமில்லை. மனைவியும் மச்சினனும் பிற்பாடு சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் மனைவி சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வேறு வழக்கம் கிடையாது.

முதல் அறிகுறி ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவர் படம், கறுப்புப் பார்டர், வருந்தும் குடும்பத்தார் எல்லாம் ஒழுங்காக வைத்துவிட்டு, அடியில் 'விருந்துண்டு மகிழ்ந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்று போட்டிருக்கிறேன். வாங்க வந்த மனிதர் ரொம்ப நிதானமானவர். இரண்டு தடவை வாசித்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், நேராக என் வீட்டுக்குப் போய் மனைவியிடம் போஸ்டரைக் காட்டினார்.

அப்புறம் பேச்சு குழறியது. நடந்தால் சுவர் பக்கமாகச் சாய்ந்தேன். பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். எழுப்பினால் வேறு எங்கேயோ இருந்து பதில் சொன்னேன்.

தபசு பார்க்க சிவகிரியிலிருந்து மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவிக்குத் தம்பி. எலுமிச்சைத் தோட்டக்காரன். எந்தப் பிரச்சினையையும் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவன். எலுமிச்சை விஷயத்தில் அது சரிதான். அவன் என்னை ஒரு நாள் முழுக்கப் பார்த்தான். மறுநாள் காலை அடுப்படியில் அக்காளும் தம்பியும் பேசினது என் காதில் விழுந்தது. எனக்கு ஞாபகமிருக்கிற சில விஷயங்களில் அது ஒன்று.

"எக்கா, மனசத் தேத்திக்க. பழசு திரும்பிட்டு."

"வாய மூடுலே."

"என் வாய மூடிட்டா ஆச்சா? காலம்பற பல்லத் தேய்ங்க அத்தான்னு சொன்னா, சீப்ப வச்சுத் தேய்க்காரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

"முன்ன விட்ட எடத்துக்கே போன் போட்டுட்டேன். கொண்டாரச் சொல்லிட்டாவ. டாக்டர்ட்ட ஒரு சீட்டு மட்டும் வாங்கிட்டு வரணுமாம். வண்டிக்கும் சொல்லிட்டேன்."

முன்ன விட்ட இடம். குழம்பிக் கிடந்த மண்டைக்குள்ளும் அது சரியாகப் போய்த் தைத்தது. எனக்குத் தலை வலிக்கிறது, வேறொன்றுமில்லை, அங்கே மட்டும் வேண்டாம் என்று எழுந்துபோய்ச் சொல்ல நினைத்தேன். சொல்லியும் விட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வாசற்படியில் வந்து நின்று, "பேப்பர் மூணு கட்டு போதும்" என்றேன் என்கிறாள் மனைவி.

ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்தது இளவயசு டாக்டர் ஒரு பெண். பின்னால் பார்த்தபோது, என் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்க வருகிற வயசுதான். மச்சினன் என்னைக் கைத்தாங்கலாக நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"டாக்டரம்மா, ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்தா போதும். வண்டி வெளிய நிக்கு."

"யாருக்கு?"

"எங்க அத்தானுக்கு. பழைய கேஸு."

டாக்டர் என்னை உட்காரவைத்தார். பிரஷர் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கை காலைத் தூக்கச் சொன்னார்.

"சார், இது எந்த ஊரு?"

"பார்டர் இன்னும் போடல" என்றேனாம்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"கஸ்டமரக் கேட்டுச் சொல்லுதேன்."

"பாத்தீயளா?" என்றான் மச்சினன், கேஸை ஜெயித்துவிட்ட வக்கீல் மாதிரி.

டாக்டர் பேனாவை எடுத்தார். பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாளில் பேனா ஓடுவதையே பார்த்தாள். இரண்டு வரியில் பேனா நின்றது.

"இதுக்கு முன்னாடி வந்தப்போ எப்படி இருந்தாங்க?"

"அப்ப தூங்கவே மாட்டாகளாம். ஓயாத பேச்சாம். ஓரெடத்துல உக்கார மாட்டாகளாம். எங்க மாமியா சொல்லுவாவ" என்றாள் மனைவி.

"இப்ப?"

"இப்ப தூங்கித் தூங்கி விழுதாக. பேச்சும் கொழறுது. தல வலிக்குன்னு ரெண்டு மூணு நாளாச் சொன்னாக. நேத்து வாந்தியும் எடுத்தாக."

"பழைய வியாதி திரும்பி வந்தா பழைய மாதிரிதானம்மா வரணும்? இது வேற மாதிரில்லா இருக்கு." டாக்டர் பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை. "கீழ விழுந்தாங்களா? தலையில அடி?"

"இல்ல."

"காய்ச்சல்? குடி கிடி?"

"ஐயோ, அதெல்லாம் கெடையாது. பச்சத்தண்ணிதான். அதத்தான் ஓயாமக் குடிக்காக."

"சாப்பாடு?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். வெளியில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், இவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சாப்பாடு? எங்கக்கா ஆக்கிப் போடுத உப்பில்லாச் சோத்தத் தின்னா எவனுக்கும் புத்தி பேதலிக்கும் டாக்டரம்மா. நேத்து நானே ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சு பிரியாணிக் கடைக்குப் போயிட்டேன்."

"ஏலே, அது அம்பாளுக்கு நேந்ததுலே. கேலி பேசாத."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பே கெடையாதா? எத்தனை நாளா?"

"கொடி ஏறினதுல இருந்து. நேர்ச்ச எனக்குத்தான். அவுகளும் எங்கூட…"

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

மனைவி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதன் முதுகுப்பக்கத்தை வாசித்தார். பிறகு பாதி எழுதின சீட்டை மடித்து மேஜைக்கடியில் இருந்த கூடையில் போட்டார். மனைவிக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தத் தாள் கூடையில் விழுந்த சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது என்பாள். தாள் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று நான் கேட்பதில்லை.

"மொதல்ல ரத்தத்துல உப்பு பாக்கணும்."

மச்சினன் அசந்துபோனான். "சுகர் பாப்பாவ, கேள்விப்பட்டிருக்கேன். உப்பு கூடவா பாப்பாவ?"

பார்த்தார்கள். ரிசல்ட் வருகிற வரை மனைவி என் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் இரண்டு தடவை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் வண்டிதான். அவளுக்கு அது தெரியும். ஒரு மனுஷனின் ரத்தத்தில் கோளாறு இருக்க வேண்டும் என்று அவன் பெண்டாட்டி அம்பாளிடம் வேண்டிக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

இருந்தது. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாத சோடியம் எனக்கு நூற்றுப் பதினெட்டு. பள்ளிக்கூடத்திலிருந்தே பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

டாக்டர் மனைவியிடம் பொறுமையாகச் சொன்னார். "இந்த மாத்திரைக்கு ரத்தத்துல உப்பைக் குறைக்கிற குணம் உண்டும்மா. உடம்பு தண்ணிய வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும். இத்தன நாள் சாப்பாட்டுல இருந்த உப்பு அதுக்கு ஈடு குடுத்திருக்கு. இப்ப சாப்பாட்டுலயும் உப்பு இல்ல, மேல மேல தண்ணி வேற. மூளைல நீர் கோத்திருக்கும். அதான் தலைவலி, வாந்தி, குழறல் எல்லாம். இது மனசு இல்லம்மா."

இது மனசு இல்லம்மா. அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள் என்கிறான் மச்சினன். அழுதேன் என்கிறாள் அவள்.

மச்சினனுக்கு வைத்தியம் உடனே பிடிபட்டுவிட்டது. "இவ்வளவுதானா? ஒரு கை கல்லுப்ப அள்ளி வாயில போட்டுத் தண்ணிய ஊத்திருவோம்."

"அண்ணாச்சி, அந்த வேலைய மட்டும் செஞ்சு வச்சிராதீங்க." டாக்டருக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "உப்பு மெதுவா ஏறணும். வேகமா ஏத்தினா மூளை தாங்காது. நடுவுல வலிப்பு வந்தாலும் வரும். பக்கத்துலயே இருந்து பாக்கணும். தண்ணி நான் சொல்ற அளவுதான்."

பெரிய டாக்டரிடமும், திருநெல்வேலியில் என் மனநல டாக்டரிடமும் போனில் பேசினார். அந்த மாத்திரையை நிறுத்தி வேறொன்று ஏற்பாடாயிற்று. உப்புநீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சில மணி நேரத்துக்கொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மச்சினன் வெளியே போய் டிரைவரிடம், "நீ போப்பா, ஆளு இங்கனதான் இருப்பாரு" என்று சொல்லி அனுப்பினான். வண்டி போகிற சத்தம் கேட்டதும் என் மனைவி அன்றைக்கு முதல் தடவையாக ஒரு காபி குடித்தாள்.

எனக்குத் தெளிவாக ஞாபகம் திரும்பியது அதற்கு அடுத்த நாள். கண்ணை விழித்ததும் வழக்கம்போலக் கதவைத்தான் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம். பக்கத்தில் ஸ்டூலில் மச்சினன் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

"நான் எங்க இருக்கேன்?"

"மொதல்ல நீங்க சொல்லுங்க, எந்த ஊரு?"

"சங்கரன்கோவில். ஆஸ்பத்திரி. என்னலே இது கேள்வி?"

"எக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எக்கா, ஊரு பேரு சொல்லிட்டாரு!"

"தண்ணி குடுலே."

"ஒரு மூடி தாரேன். அதுக்கு மேல ஒரு சொட்டுக் கெடையாது. என் தோட்டத்து எலுமிச்சைக்கே நான் இப்படிக் கணக்குப் பாத்ததில்ல."

மனைவி வந்தாள். என் தலைமாட்டில் நின்று, முகத்தைப் பார்த்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். நெற்றியில் துடைக்க ஒன்றுமில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. எத்தனை வயசானாலும் சில கேள்விகளைக் கேட்கும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது.

"டாக்டர், அப்ப எனக்குப் பழையபடி…"

"இல்ல சார். உங்களுக்கு வந்தது உப்புக் குறைவு. வேற ஒண்ணும் இல்ல. யாருக்கு வந்தாலும் இப்படித்தான் உளறுவாங்க. நான் உட்பட."

இருபது வருஷத்துக்கு மேலாக டாக்டர்களோடு பழக்கம். எல்லோருக்கும் வருகிற ஒரு சாதாரண வியாதி எனக்கும் வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு விருது வாங்கினால் இப்படித்தான் இருக்கும்போல. வாங்கினதில்லை, உத்தேசமாகச் சொல்கிறேன்.

தபசுக் காட்சி அன்றைக்குத்தான். ஊரே தெருவில் நின்றது. மேளச் சத்தம் வார்டு ஜன்னல் வழியாக வந்தது. நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நேர்ச்சை வைத்தவளல்லவா என்று மனைவியிடம் சொன்னேன்.

"அம்பாளு ஒத்தக் கால்ல அங்கன நிக்கா. நான் ரெண்டு கால்ல இங்கன நிக்கேன். ரெண்டு பேரும் புருஷனுக்காகத்தான நிக்கோம்? அவளுக்குத் தெரியாதா?"

"நேர்ச்சை எம்பங்குக்கு முறிஞ்சு போச்சே. குளுக்கோஸ்லயே உப்ப ஏத்திட்டாங்களே."

"நேந்தது நான். நான் இன்னும் உப்பத் தொடல. உங்கள யாரு நடுவுல வந்து விழச் சொன்னா?"

வீட்டுக்கு வந்து இப்போது சில மாதங்களாகின்றன. புது மாத்திரை ஒத்துக்கொண்டது. அவ்வப்போது ரத்தத்தில் உப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறேன். அந்த நிதானமான மனிதருக்குப் போஸ்டரைத் திருத்தி அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் பழையதையும் ஒன்று வைத்திருப்பதாகக் கேள்வி. மச்சினன் வாரம் தவறாமல் சிவகிரியிலிருந்து போன் செய்கிறான். முன்பெல்லாம் மனசு எப்படி இருக்கிறது என்பான். இப்போது, "அத்தான், உப்பு எப்படி இருக்கு?" என்கிறான். மனசிலிருந்து உப்புக்கு இறக்கப்பட்டதில் எனக்குப் பரம திருப்தி.

போன வாரம் ஒரு மத்தியானம் கடையிலிருந்து நல்ல பசியோடு வந்து உட்கார்ந்தேன். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, என்ன சாம்பார் இது? உப்பே இல்ல!"

சொன்னபிறகுதான் உறைத்தது, அளவுக்கு மேல் கத்திவிட்டேன். அந்தப் பார்வை வரும். மாத்திரை போட்டீயளா வரும். தட்டைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சாம்பாரைப் பார்த்தாள். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆமா, போட மறந்துட்டேன்" என்று சொல்லி, உப்பு ஜாடியை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.